முன்கூட்டி ஒட்டிய ஸ்டிக்கர்

1. காலை ஐந்தரை

நான் ஊசி பிடிக்க வேண்டிய நேரம் காலை ஐந்தரை. என் விரல்கள் மடங்க மறுக்கும் நேரமும் அதேதான். கடைசி ஆறு வருஷ வேலையைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

நான் லேப் டெக்னீஷியன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். அதில் பாதிக்கு மேல் ஹோம் கலெக்‌ஷன், அதாவது வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வரும் வேலை. பீர்க்கன்கரணையில் என் வீடு. அங்கிருந்து ஸ்கூட்டியை எடுத்தால் பெருங்களத்தூர், தாம்பரம், சேலையூர், அஸ்தினாபுரம் என்று ஒரு சுற்று. ஃபாஸ்டிங் ரத்தம் என்பதால் எல்லோருக்கும் நாம் முதலில் வந்தாக வேண்டும். ஆறு மணி என்று சொன்னால் ஐந்தே முக்காலுக்கே வாசலில் நின்றுகொண்டு மணி பார்ப்பார்கள். காபி குடிக்காத மனிதர்களோடு தினமும் காலையில் பழகியவள் நான். பொறுமையைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

வெயின் கிடைக்காத ஆட்களுக்கு என்னைத்தான் அனுப்புவார்கள். கீமோ எடுத்துக் கை நரம்பெல்லாம் சுருங்கிப்போனவர்கள், வருஷக்கணக்கில் படுக்கையில் கிடப்பவர்கள், ஊசியைக் கண்டாலே கையை இழுத்துக்கொள்ளும் குழந்தைகள். "விஜயாக்கா வந்தா ஒரே குத்துதான், ரெண்டாவது குத்து கிடையாது" என்று பேஷன்ட்கள் அடுத்த வீட்டுக்குச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். மறைக்க ஒன்றுமில்லை, ரொம்பவே பிடிக்கும்.

முடக்குவாதம் வந்தவர்களுக்குத் தெரியும், காலையில்தான் மூட்டுகள் இறுகிப்போய் இருக்கும். விரல் ஒவ்வொன்றும் தடித்து, மோதிரம் கழற்ற முடியாமல், பல் துலக்கும் பிரஷைப் பிடிப்பதற்கே இரண்டு கை வேண்டியிருக்கும். சிலருக்கு அரை மணி, எனக்கு இரண்டு மணி நேரம். அதனால் நாலு மணிக்கு முன்பே எழுந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் அண்டாவில் வெந்நீர் வைத்துத் தருவார். மணிக்கட்டு வரைக்கும் கையை அதில் முக்கிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் ஆறினால் இன்னொரு அண்டா. ஐந்தேகால் ஆகும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓரளவு சொன்ன பேச்சு கேட்கும். அது போதும் என்று கிளம்பிவிடுவேன்.

2. ராஜேஸ்வரி, வயது ஐம்பத்தொன்று

எனக்கு முதலில் வந்தது தைராய்டு. பிறகு சர்க்கரை. இரண்டையும் மாத்திரை போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தோராவது வயதில் விரல் வீங்கத் தொடங்கியது. நான் லேபில் வேலை செய்கிறவள், முடக்குவாதம்தானா என்று பார்க்க ஆர்.ஏ. ஃபாக்டர் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று எனக்கே தெரியும். ஆனால் என் பெயரில் எடுத்தால் எங்கள் லேபில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் என் இடது கையில் நானே குத்தி ரத்தம் எடுத்து, 'ராஜேஸ்வரி, பெண், 51' என்று எழுதிக் கொடுத்தேன். ராஜேஸ்வரி என் செத்துப்போன சித்தியின் பெயர்.

எங்கள் லேபில் மெஷினைப் பார்த்துக்கொள்வது சரவணன். கடப்பேரிக்காரன், முப்பத்தைந்து வயது, வேலையில் குறை சொல்ல முடியாது. அன்று மத்தியானம் ரிசல்ட் வந்ததும் என்னிடம்தான் காட்டினான்.

"யாருக்கா இந்த ராஜேஸ்வரி? ஆர்.ஏ. ஃபாக்டர் எங்கியோ போய்க்கீது. பாவம்கா, இந்தம்மா பொட்டலம்கூட பிரிக்க முடியாம கஷ்டப்படுதோ இன்னாவோ."

"வாக்-இன் பேஷன்ட். ரிப்போர்ட்டைக் குடு, நான் குடுத்துடறேன்" என்று வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பொட்டலம் பிரிப்பது பற்றி அவன் சொன்னது சரிதான். அன்று டிபன் பாக்ஸைத் திறக்க முடியாமல் சாப்பிடாமலே இருந்தேன்.

அதிலிருந்து மூன்று டாக்டர்கள், மூன்று ஃபைல்கள். மூட்டு டாக்டர் ஸ்டீராய்டு கொடுத்தார். வலி குறைந்தது, சர்க்கரை ஏறியது. சர்க்கரை டாக்டர், "ஒழுங்கா டயட்ல இருக்கீங்களா? சோறு குறைக்கச் சொன்னேனே" என்று திட்டினார். சோறு குறைத்தேன், களைப்பு கூடியது. களைப்புக்குத் தைராய்டு டாக்டர் மாத்திரையின் அளவை ஏற்றினார், நெஞ்சு படபடத்தது. ஒருவர் மேலும் குற்றமில்லை. அவரவர் ஃபைலை அவரவர் சரியாகத்தான் பார்த்தார்கள். மூன்று ஃபைலுக்கும் உடம்பு ஒன்றுதான் என்பது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது.

வலியைக்கூடச் சொல்லிவிடலாம். இந்தக் களைப்பைச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைத்ததில்லை. வேலை செய்து அலுத்துப்போவது வேறு, அது தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் கூடவே எழுந்து வரும். கலெக்‌ஷன் முடித்து பத்தரை மணிக்கு வீட்டுக்கு வந்தால், ஹெல்மெட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கழற்ற வேண்டும் என்று தோன்றும், கை மேலே போகாது. ஒருநாள் நாற்பது நிமிஷம் அப்படியே இருந்திருக்கிறேன். கரன்ட் பில் கேட்க வந்த பக்கத்து வீட்டம்மா, "எங்கயோ கிளம்பிட்டீங்களா?" என்றார். "ஆமாம்" என்றேன்.

இதையெல்லாம் லேபில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். சம்பளம் ஒரு காரணம். ஆனால் முழுக் காரணம் அது இல்லை. ஒரே குத்தில் எடுக்கிற விஜயா என்கிற ஆள் போய்விட்டால், மிச்சம் இருப்பது மூன்று ஃபைல் மட்டும்தானே என்று நினைத்தேன்.

3. ஸ்டிக்கர்

ரத்தம் எடுப்பதில் ஒரு சட்டம் உண்டு. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவார்கள். முதலில் பேஷன்டின் பெயரை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பிறகு ரத்தம் எடுக்க வேண்டும். எடுத்த டியூபில் அவர் கண் முன்னாலேயே பெயர் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். காலி டியூபில் முன்கூட்டி ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. பெயர் ஒட்டிய காலி டியூபில் யார் ரத்தம் வேண்டுமானாலும் போய்விடலாம், அதற்கப்புறம் அதைக் கண்டுபிடிக்க எந்த மெஷினாலும் முடியாது.

ஊசி குத்துவது எனக்குக் கடைசி வரைக்கும் கஷ்டமாக இருந்ததில்லை. கஷ்டம் ஸ்டிக்கரில் வந்தது. பார்கோடு ஸ்டிக்கர் சின்னது. அதன் மூலையை நகத்தால் நெம்பி, இரண்டு விரல் நுனியால் பிடித்து உரிக்க வேண்டும். என்னால் முடியாதது சரியாக அது ஒன்றுதான். பேஷன்ட் கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார், நான் ஸ்டிக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். ஒரு வீட்டில் ஒரு பெரியவர், "என்னம்மா, கை நடுங்குது? நீ சாப்டியா முதல்ல?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைப் படுத்தியது.

மறுநாள் கலெக்‌ஷனுக்கான லிஸ்டும் ஸ்டிக்கரும் முந்தின நாள் சாயங்காலமே பிரின்ட் ஆகிவிடும், நான் லேபுக்குப் போய் வாங்கிக்கொள்வேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு என் விரல்கள் நன்றாகவே இருக்கும். அப்போதே உட்கார்ந்து எல்லா டியூபிலும் ஒட்டிவிட்டால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. ஒட்டினேன். ஒவ்வொரு பேஷன்டின் டியூப்களையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, போகிற வரிசைப்படி அடுக்கினேன். மறுநாள் காலை வேலை பாதி நேரத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் அப்படித்தான் செய்தேன். ஒரு தப்புகூட நடக்கவில்லை. தப்பு நடக்காத ஒவ்வொரு நாளும் நான் செய்வது சரி என்றே எனக்குப் பட்டது.

4. இரண்டாம் மாடி

ஹக்கீம் பாய் அஸ்தினாபுரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு, இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். மூன்று வருஷமாக மாதா மாதம் நான்தான் ரத்தம் எடுக்கிறேன். அந்தத் திங்கட்கிழமை அவர் மனைவி சபீராவும் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருந்தார். அவருக்கு நாற்பத்தாறு வயது, எந்த வியாதியும் கிடையாது. நோன்பு மாதம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று எண்ணம்.

அந்த வாரம் என் உடம்பு மோசமாக இருந்தது. அதற்கும் நான்தான் காரணம். வியாழக்கிழமை சர்க்கரை டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும், ரீடிங் அதிகம் வந்தால் திட்டுவார் என்று நாலு நாளாக ஸ்டீராய்டு மாத்திரையை யாரையும் கேட்காமல் நிறுத்தியிருந்தேன். எத்தனையோ பேஷன்ட்டுக்கு, "டாக்டரைக் கேக்காம மாத்திரையை நிறுத்தாதீங்க" என்று சொல்லியிருப்பேன். படியில் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியை முழங்கையால் அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினேன்.

"வாங்கக்கா. இவர் குளிக்கப் போயிருக்காரு, எனக்கு முதல்ல எடுத்துடுங்க" என்றார் சபீரா.

லிஸ்டில் ஹக்கீம் பாய் பெயர் முதலில், சபீரா பெயர் அடுத்தது. கவரும் அதே வரிசை. பைக்குள் கையை விட்டதும் வந்த முதல் கவரைப் பிரித்து, அதிலிருந்த டியூபில் சபீராவின் ரத்தத்தை எடுத்தேன். பெயரைக் கேட்கவில்லை. மூன்று வருஷமாகத் தெரிந்த வீடு, இதில் என்ன பெயர் கேட்பது. ஸ்டிக்கரைப் படிக்கவும் இல்லை. எப்போது உட்காரலாம் என்ற நினைப்பைத் தவிர வேறு எதுவும் அப்போது என் தலையில் இல்லை. ஹக்கீம் பாய் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். மிச்சமிருந்த கவரில் அவருக்கு எடுத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே குத்துதான்.

புதன்கிழமை மத்தியானம் வீட்டில் படுத்திருந்தேன். சபீராவிடமிருந்து ஃபோன்.

"அக்கா, ஒரு சந்தேகம். பிறை தெரிஞ்சா நாளன்னைக்கு நோன்பு. சுகர் மாத்திரைய விடியறதுக்கு முன்னாடி சஹருக்குச் சாப்பிடறப்போ போடணுமா, நோன்பு திறந்தப்புறம் போடணுமா?"

"யாருக்கு, பாய்க்கா? அவருக்கு ஊசிதானே?"

"அவருக்கு இல்லக்கா, எனக்கு. திங்கக்கிழமை எடுத்தீங்களே, எனக்கு சுகர் வந்துடுச்சு. எரநூத்தி எழுவத்திரெண்டு. இவருக்குத்தான் நல்லா குறைஞ்சிடுச்சு, தொண்ணூத்தி நாலு. டாக்டர் இவர் ஊசிய குறைச்சிட்டாரு. எனக்கு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. நோன்பு வேணாம்னு வேற சொல்லிட்டாரு. நான் வைக்கத்தான் போறேன், இவர்ட்ட சொல்லிடாதீங்க."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"மாத்திரை போட்டீங்களா?"

"நேத்துலேருந்து. அதுவா தெரியல, கையெல்லாம் ஒரே நடுக்கமா இருக்கு. வேர்த்து ஊத்துது."

எந்தக் கவர் முதலில் வந்தது என்று எனக்கு அந்த நிமிஷமே ஞாபகம் வந்துவிட்டது. "சபீரா, உடனே ரெண்டு ஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலந்து குடிங்க. மாத்திரையைத் தொடாதீங்க. நான் இப்பவே வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் அன்றைக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. கை வலித்ததா என்றும் தெரியாது.

விரலில் குத்தி குளுகோமீட்டரில் பார்த்தேன். சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகும் ஐம்பத்தெட்டு. அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னொரு டம்ளர் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. ஹக்கீம் பாயும் கடையிலிருந்து வந்துவிட்டார்.

"என்னாச்சு சிஸ்டர்? ரிப்போர்ட்டு தப்பா?"

"தப்பு மாதிரிதான் தெரியுது பாய்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மெஷின்ல ஏதோ ப்ராப்ளம் போல" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இரண்டு பேருக்கும் மறுபடி ரத்தம் எடுத்தேன். இந்தத் தடவை சட்டப்படி, பெயர் கேட்டு, எடுத்த பிறகு ஸ்டிக்கர். மூலையை உரிக்க முடியாமல் நான் தடுமாறுவதைப் பார்த்து சபீரா, "குடுங்கக்கா" என்று வாங்கி, ஒரு நொடியில் உரித்து ஒட்டிக் கொடுத்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

5. ஒரு மணி நேரம்

நான் லேபுக்குப் போவதற்குள் ஹக்கீம் பாய் அங்கே ஃபோன் பண்ணிச் சத்தம் போட்டுவிட்டார். எங்கள் லேபை நடத்துவது டாக்டர் மேடம். பாத்தாலஜிஸ்ட், கண்டிப்பானவர். நான் உள்ளே நுழையும்போது சரவணன் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"மெஷின் சரியா காட்டுதான்னு திங்கக்கிழமை கன்ட்ரோல் ரன் பண்ணியா, இல்லையா? நேரா பதில் சொல்லு" என்றார் மேடம்.

"பண்ணேன் மேடம். சார்ட்டு பாருங்க, எல்லாம் ரேஞ்சுலதான் கீது."

"ரேஞ்சுல இருந்தா நல்லா இருக்கற ஒரு பொம்பளைக்கு எப்படி எரநூத்தி எழுபது வரும்? திங்கக்கிழமை பார்த்த சாம்பிள் எல்லாத்தையும் எடு. மொத்தமும் ரிப்பீட். எத்தனை பேருக்குத் தப்பா போயிருக்கோ தெரியல. சர்வீஸ் இன்ஜினீயருக்கு நான் பேசறேன். நீ என்ன நடந்ததுன்னு எழுதிக் குடு."

நான் புது டியூப்களை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். சரவணன் ஃப்ரிட்ஜைத் திறந்து திங்கட்கிழமை ரேக்குகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். நாற்பதுக்கு மேல் பேஷன்ட்கள். மத்தியானச் சாப்பாடு இன்னும் அவன் மேஜையில் பிரிக்காமல் இருந்தது.

"இன்னா பேஜாரு பாருக்கா. நான் ஒண்ணுமே பண்ணல, சத்தியமா. எங்க தப்பு வந்துச்சுன்னே பிரிய மாட்டேங்குது" என்றான் என்னிடம்.

இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. ஒரு மணி நேரம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவன் சாம்பிள்களைத் திரும்ப ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் என்றே இருந்துவிட்டால் என் வேலை தப்பிக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை. சபீரா பிழைத்துக்கொண்டார், இனி என்ன என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. சரவணன் பெயரில் ஒரு மெமோ போகும், அவ்வளவுதானே, சின்ன வயசு, சமாளித்துக்கொள்வான் என்றுகூட நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்.

திங்கட்கிழமை சாம்பிள் ஒவ்வொன்றும் முன்பு வந்தபடியே வந்துகொண்டிருந்தது. அவன் குழம்பிப்போய், மெஷினைத் திட்டாமல், தன் நோட்டைத் திறந்து தன் கையெழுத்தையே விரல் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். தான் செய்யாத தப்பைத் தன்னிடமே தேடிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டு அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

"சரவணா, நிறுத்து. மெஷின் சரியாத்தான் இருக்கு. டியூபை மாத்தினது நான்."

டாக்டர் மேடம் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டிக்கர், எட்டு மாதம், கவர் வரிசை. பிறகு இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தேன். ஆறு வருஷமாக அவர் பார்வையில் படாமல் துப்பட்டாவுக்குள்ளும் கோட் பாக்கெட்டிலும் வைத்திருந்த கைகள். மூட்டுகள் புடைத்து, சுண்டுவிரல் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோய்விட்டது.

அவர் அந்தச் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்த்தார். "ஏன் விஜயா என்கிட்ட சொல்லல?" என்றார்.

"சொன்னா அனுப்பிடுவீங்கன்னு, மேடம்."

"அனுப்பியிருப்பேனோ என்னவோ, எனக்கே தெரியல" என்றார். பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லாமல் இருந்தாரே, அதற்காக இன்றைக்கும் அவர்மேல் மரியாதை உண்டு.

சரவணன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், "அந்த ராஜேஸ்வரி நீதானாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

6. பதில்

அன்று சாயங்காலமே டாக்டர் மேடம் தன் காரில் என்னை அஸ்தினாபுரத்துக்கு அழைத்துப் போனார். புது ரிசல்ட் வந்துவிட்டது. ஹக்கீம் பாய்க்கு இருநூற்று எண்பதுக்கு மேல், சபீராவுக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் டெஸ்டிலும் ஒரு குறையும் இல்லை. மருந்து எழுதிய டாக்டரிடம் மேடமே பேசி, மாத்திரையை நிறுத்தவும் இன்சுலினைப் பழைய அளவுக்கே கொண்டுவரவும் ஏற்பாடு செய்திருந்தார்.

நடந்ததை நானே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சொன்னேன். ஹக்கீம் பாய் கத்துவார் என்று நினைத்திருந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"மத்தியானம் மெஷினுன்னு சொன்னீங்களே சிஸ்டர்?"

"பொய் சொன்னேன் பாய்."

"மூணு வருஷமா உங்க கைய நம்பித்தானே கைய நீட்டினோம். இவளுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் யாரப் போய் கேக்கறது?"

மன்னிப்பு கேட்டேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் லேபுக்கு வரவில்லை. அது அவர் நியாயம்.

கிளம்பும்போது சபீரா கதவு வரைக்கும் வந்தார். என் கைகளைப் பார்த்துக்கொண்டே, "இந்தக் கைய வச்சிக்கிட்டு எதுக்குக்கா மாடி ஏறி வந்தீங்க? கீழேருந்து ஒரு ஃபோன் போட்டிருந்தா நான் இறங்கி வந்திருப்பேனே" என்றார்.

அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தோன்றியதில்லை. மூன்று வருஷம் அந்தப் படியில் பக்கவாட்டில் ஏறியிருக்கிறேன், யாராவது கீழே வருவார்களா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. காரில் உட்கார்ந்து அழுதேன். டாக்டர் மேடம் ரேடியோவை நிறுத்தினார்.

லேபில் தவறு நடந்தால் ஒரு படிவம் எழுத வேண்டும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். வழக்கமாக எல்லோரும் 'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். நான் மூன்று வியாதிகளின் பெயரையும், கேட்காமல் நிறுத்திய மாத்திரையையும், உரிக்க முடியாத ஸ்டிக்கரையும், இவற்றை மறைத்ததையும் எழுதினேன். கட்டம் போதவில்லை, பின்பக்கமும் எழுதினேன்.

அதோடு காலை கலெக்‌ஷன் எனக்கு நின்றது. இப்போது மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போகிறேன். ரிப்போர்ட் வெளியே போவதற்கு முன்னால் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும், மோசமான வேல்யூ வந்தவர்களைக் கூப்பிட்டுப் பேசுவதும் என் வேலை. முதல் இரண்டு மாதம் அந்த மேஜை எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது ஊசியோடு கிளம்பிப் போனால் வயிறு எரியும். இப்போதும் ஒரு நல்ல வெயினைப் பார்த்தால் விரல் அங்கே போகத் துடிக்கிறது. அந்த ஆசை போகாது என்றே நினைக்கிறேன்.

மூட்டு டாக்டரிடம் மற்ற இரண்டு ஃபைலையும் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். அவர் மூன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார். வலி போகவில்லை. சில வாரம் நன்றாக இருக்கும், சில வாரம் படுத்தும்.

போன மாதம் ஒரு நாள் காலை, இரண்டு அண்டா வெந்நீருக்குப் பிறகும் விரல் மடங்கவில்லை. முழங்காலும் வீங்கியிருந்தது. உடம்பு முழுக்க அந்தக் களைப்பு. ஃபோனை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் என்று சொல்லலாமா, வீட்டில் விசேஷம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். முப்பத்தோரு வருஷத்தில் நான் போட்ட லீவு எல்லாமே அப்படித்தான், ஒன்றுக்குக்கூட உண்மைக் காரணம் கிடையாது. கடைசியில் சரவணனைக் கூப்பிட்டேன்.

"சரவணா, இன்னைக்கு என்னால முடியலப்பா. கை வரல."

"சரிக்கா, நீ படுத்துக்கோ. நான் மேடம்கிட்ட சொல்லிக்கறேன்" என்றான்.

அவ்வளவுதான். அவனுக்கு என்மேல் கோபம் இருந்திருக்கலாம், இருக்க வேண்டும். அவன் குரலில் அது இல்லை. இதற்கா ஆறு வருஷம் பயந்தேன் என்று இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வெயின் பிடிக்க ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். 'இன்னைக்கு என்னால முடியல' என்று சொல்ல வராதவர் ஊசியைத் தொடக் கூடாது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதை நான் தைரியம் என்று நினைத்திருந்தேன். அதற்கான விலையை எனக்குப் பதிலாகக் கொடுக்க இருந்தவர் சபீரா. அந்த நோன்பின் முதல் நாள் சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'இன்னைக்கு நோன்பு வச்சேன்கா, நல்லா இருக்கேன்.' அதை நான் அழிக்கவில்லை.